சித்தி காத்திருக்கும் கத்தரிக்கோல்

கொக்குவிலில் மினிபஸ் ஆளேற்றுவதற்காகச் சும்மா நின்ற பத்து நிமிடத்தில்தான் அந்த யோசனை வந்தது. கைபேசியில் ஓர் ஆய்வுக் கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தேன். கர்ப்பப்பைக் கழுத்தில் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ், தன்னுடைய இரண்டு மரபணுக்களைக் கலத்துக்குள் நுழைத்து, கலம் கண்டபடி பெருகாமல் தடுக்கும் காவல்காரரைக் கட்டிப்போடுகிறது. அந்த இரண்டையும் தேடிப்பிடித்து வெட்டினால் காவல்காரர் விழித்துக்கொள்வார்கள். கெட்ட கலம் தானாகவே செத்துப்போகும். மூலக்கூற்று உயிரியல் படித்தவளுக்கு இதைவிட அழகான கதை கிடையாது. இதைச் சொன்னால் சித்தி மனம் மாறுவார் என்று முடிவு கட்டினேன்.

இணுவிலில் இருக்கும் சித்திக்குச் சுகவனிதையர் கிளினிக்கில் எடுத்த கர்ப்பப்பைக் கழுத்துச் சோதனை சரியாக வரவில்லை. சதைத்துண்டு எடுத்துப் பார்க்கவேண்டும் என்று பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்திருந்தார்கள். சித்தி அதைச் சாமியறையில் வைத்துவிட்டு மகளின் கல்யாணத்தைப் பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால் சம்பந்தம் குழம்புமாம். பயத்தில் நியாயமில்லாமலில்லை. எங்கள் ஊரில் ஒருவர் ஆஸ்பத்திரி வாசலில் இறங்குவதற்குள் கனடாவிலிருந்து சுகம் விசாரித்துப் போன் வந்துவிடும்.

குசினி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, பொருத்தம் பார்த்த கடதாசியின் பின்பக்கத்தில் படம் கீறினேன். கருத்தரங்கில் ஆங்கிலத்தில் கூசாமல் சொல்லும் உறுப்பைச் சித்திக்கு முன்னால் ‘கீழ்ப்பக்கம்’ என்றேன். படம் சுரைக்காய் மாதிரி வந்தது. அவ்வளவுதான் என் புரட்சி.

“இது பரம்பரை வருத்தம் இல்லை சித்தி. வைரசின்ரை மரபணுதான் வேலை செய்யுது. அதை மட்டும் வெட்டுற கத்தரிக்கோல் மாதிரி ஒண்டு கண்டுபிடிச்சிருக்கினம்.”

“அப்ப என்னை வெட்டத் தேவையில்லையோ?”

“அப்பிடித்தான் நினைச்சுச் செய்யினம்.”

“எப்ப இஞ்சை வரும்?”

“இப்ப கூடுதலா எலியளிலைதான் செய்து பாக்கினம். கொஞ்சக் காலம் செல்லும்.”

“எலியளுக்கு முடியட்டும். எனக்கும் ஆவணியிலை மகளின்ரை கல்யாணம் முடிஞ்சிடும். பிறகு உந்தக் கத்தரிக்கோலாலையே வெட்டுவிப்பம், பிள்ளை.”

குசினி வாசலில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த சித்தப்பா தலை நிமிராமல் கேட்டார்:

“உந்த வைரஸ் எங்காலை வந்ததாம்?”

கல்யாணம் கட்டிய யாருக்கும் தொற்றக்கூடியது, பெரும்பாலும் தானாகவே போய்விடும், சிலருக்குத்தான் தங்கிவிடும் என்று சொல்லியிருக்கலாம். “காத்தாலை இல்லை, சித்தப்பா” என்றேன். வாழைப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாற நேரமாகிவிட்டது என்று அவர் நீர்வேலித் தோட்டத்துக்கு எழும்பிப் போனார்.

ஒரு மாதம் கழித்து, சித்தியைச் சோதித்த கிளினிக்கின் மிட்வைஃப் அக்கா என்னைச் சந்தியில் மறித்தார்.

“உம்மடை சித்தி ஆஸ்பத்திரிக்குப் போகேல்லை. புது வைத்தியம் வருகுதாம், பெறாமகள் சொன்னவவாம். என்ன படிப்பு படிச்சனீர்?”

பயந்துகொண்டிருந்த ஒருத்திக்கு, விஞ்ஞான ஆதாரத்தோடு, போகாமலிருக்க ஒரு சாட்டுச் செய்து கொடுத்திருக்கிறேன். இப்போதே சோதித்துப் பார்த்தால் ஒன்றும் இல்லாமலிருக்கலாம். ஏதாவது இருந்தாலும் இன்றுள்ள வைத்தியமே போதுமாக இருக்கலாம். ஆவணிவரை அந்தக் கலங்கள் கல்யாணத்துக்காகப் பொறுத்திருக்கப் போவதில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை பெரியாஸ்பத்திரியில் கிளினிக். சிநேகிதியிடம் ஸ்கூட்டியும், முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட்டும் கேட்டிருக்கிறேன். காலை ஆறரைக்குச் சித்தி வீட்டுப் படலை வாசலில் நிற்பேன். மரபணு பற்றி ஒரு சொல் கதைக்கமாட்டேன். ஹெல்மெட்டை நீட்டி, “போடுங்கோ சித்தி, ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது” என்று மட்டும் சொல்லிப் பார்க்கப் போகிறேன்.