ஹட்டனுக்குப் போன ஆமை ஓடு

காலை 9.10. பேராதனைச் சந்திப்பில் ரயில் ஏறினேன். ஹட்டனுக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட், ஒன்றரை ரூபாய்க்குச் சற்றுக் கூட. 1955 தை மாதம். ஹட்டன் பக்கம் தோட்டத்துக் கிளாக்கருக்கு வாழ்க்கைப்பட்ட என் தங்கை செல்லத்தைப் பார்க்கத் திருச்சியிலிருந்து இலங்கைக்கு வந்திருந்தேன். அன்று மாலை அவள் மகள் ராசாத்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள். என் பைக்குள், முந்தின நாள் மகாவலி ஆற்றங்கரை மணலில் பொறுக்கிய ஓர் ஆமை ஓடு.

சும்மா சொல்லக்கூடாது, என்ன ஓடு! ஆற்றிலும் குளத்திலும் கிடக்கும் பாறை ஆமையினுடையது. ஒரு சாண் நீளம், நல்ல கறுப்பு. முதுகில் நீளவாக்கில் மூன்று வரப்பு. பதின்மூன்று சில்லில் ஒன்றுகூட உதிரவில்லை. சங்கு, சிப்பி, கல் என்று சேர்த்து வைக்கிற கிறுக்கு எனக்கு நெடுநாளாக உண்டு.

நாவலப்பிட்டியில் மலையேற இன்னொரு எஞ்சினை மாட்டினார்கள். எதிரே இருந்த கங்காணி பையை எட்டிப் பார்த்தார்.

"எங்கங்க போறீங்க?"

"பொண்ணு பாக்குற வீட்டுக்கு."

"ஆமையோடயா? நல்லாருக்குங்க!" என்று நகர்ந்து உட்கார்ந்தார்.

ஆமை நுழைந்த வீட்டுக்கு ஆகாது என்று நம் ஜனங்கள் சொல்வது எனக்குத் தெரியாததா? அது உயிருள்ள ஆமைக்குத்தான், இது வெறும் ஓடுதானே என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன்.

பகல் 12.40. ஹட்டன். தூறல். அங்கிருந்து தோட்டத்துக்கு ஆறு மைல், பஸ்ஸில் முப்பது சதம். நான் கூடத்தில் கால் வைத்த பிறகுதான் செல்லம் பையைத் திறந்தாள்.

"அய்யய்யோ! ரெண்டு எடம் தட்டிப்போயி மூணாவதா வர்றாங்கண்ணே. ஒனக்கு வேற நாளே கெடைக்கலையா?"

அவள் கண் கலங்கியதும் என் வாதமெல்லாம் எங்கோ போய்விட்டது. ஓட்டை விறகுக் கொட்டகையில் ஒளித்தேன். அவள் கூடத்தை மஞ்சள் தண்ணீரால் இரண்டு தடவை கழுவினாள். நான் மூலையில் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மாலை 4.15. நாவலப்பிட்டியிலிருந்து மாப்பிள்ளையும் அவன் தாயாரும் வந்தார்கள். அந்தம்மாள் வெற்றிலைத் தட்டில் கைவைக்கும் நேரம், வீட்டு நாய் அந்த ஓட்டைக் கவ்விக்கொண்டு வந்து வாசற்படியில் போட்டது. பாழாய்ப்போன நாய்! செல்லம் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தம்மாள் முகமும் வெளுத்துவிட்டது.

"ஒங்களுக்கு யாரு சொன்னாங்க?" என்றார்.

"என்னதுங்க?" என்றாள் செல்லம்.

"எங்க வீட்டு ஆமைய. அதத்தான குத்திக் காட்டுறீங்க? வயல் வாய்க்கால்லேருந்து ஏறி வந்துச்சுங்க. ஆறு வருசமா சமையக்கட்டுலயே கெடக்கு. எத்தன தடவ கொண்டு போயி விட்டாலும் திரும்ப வந்துருது. அதக் கேள்விப்பட்டே ரெண்டு பொண்ணு வீட்டுக்காரங்க வேணாம்னுட்டாங்க."

செல்லம் தரையில் உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாக, "இது எங்க அண்ணன் கொண்டாந்ததுங்க! ஒங்களுக்குப் பயந்து ஒளிச்சு வச்சோம்!" என்றாள்.

அப்பாடா! ரயிலிலிருந்தே நெஞ்சில் ஏறிக்கிடந்த பாரம் இறங்கியது.

தேத்தண்ணியோடு வந்த ராசாத்தி தட்டை வைத்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"கடிக்குமாங்க?" என்று கேட்டாள்.

"கடிக்காதுங்க," என்றான் மாப்பிள்ளை. "சோறு வச்சா கையிலயே வந்து திங்கும்."

அதற்கப்புறம் பெரியவர்கள் பேச அதிகம் இருக்கவில்லை. பங்குனியில் முகூர்த்தம் என்று முடிவாயிற்று.

நான் புறப்பட்ட அன்று செல்லமே ஓட்டைக் கழுவித் துடைத்துப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். தலைமன்னாரில் கப்பலேறி மறுநாள் திருச்சி சேர்ந்தேன். நான் பொறுக்கி வந்த எதையும் என் மனைவி இருபது வருஷமாக வீட்டுக்குள் விட்டதில்லை. எல்லாம் கொல்லைக் கொட்டகையில்தான். படியில் நின்றபடியே கதை முழுவதும் சொன்னேன். எங்கள் மூத்தவளுக்கும் வயது இருபத்து மூன்று. இன்னும் ஓர் இடமும் அமையவில்லை.

மனைவி பையைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"இது மட்டும் உள்ள இருக்கட்டும்," என்றாள்.