அந்தோணியைக் குடிகாரனாக்கிய சிடி

அந்த பர்சனல் மேனேஜர் பொய் சொன்னார். தெரிந்தே சொன்னார். கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையில் ஆட்கள் நிர்வாகம் பார்த்தவர். பெயரை எழுதப்போவதில்லை. படித்தால் யாரென்று அவருக்குத் தெரியும்.

முதல் தவறு என்னுடையது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிற எல்லோரும் ஒரு முறையாவது செய்கிற தவறு அது.

1. நாற்பத்தெட்டு

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருஷங்கள். திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கத்தில் கடை வைத்திருந்தேன். பழைய கேசட், மினிடிஸ்க், டாட் டேப் எது வந்தாலும் கம்ப்யூட்டரில் ஏற்றி சிடி போட்டுக் கொடுப்பேன். டாட் என்பது சின்ன டிஜிட்டல் டேப். அதை வாசிக்கிற டெக் எங்கள் பக்கத்தில் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

ஒரு மத்தியானம் ஜீப்பில் அவர் வந்தார்.

"ஏம்மா, ஓனர் இல்லையா?"

"நான்தான் சார் ஓனர்."

மேலும் கீழும் பார்த்தார். பிறகு டேப்பை எடுத்து வைத்தார். ஆலையில் மெஷின் சத்தம் அளக்க ஒரு டாட் ரெக்கார்டர் வைத்திருந்தார்களாம். முந்தின நாள் கிரேனில் சரக்கைக் கட்டித் தூக்கும் ஸ்லிங் கம்பி அறுந்து, சரக்கு விழுந்து ஒரு ஹெல்ப்பருக்குக் கால் நசுங்கிவிட்டது. உடனே கிரேன் ஆபரேட்டர் அந்தோணியை நிற்கவைத்து, அதே ரெக்கார்டரில் அவர் பேச்சைப் பதிவு செய்திருந்தார்கள்.

"மெட்ராஸ்லயே போட்டிருக்கலாமே சார்?"

"உன்னால முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லு."

டெக்கின் டிஜிட்டல் அவுட்டிலிருந்து சவுண்ட் கார்டின் டிஜிட்டல் இன்னுக்கு கேபிள் போட்டேன். டெக்கின் கிளாக்கை, அதாவது அது ஓடும் வேகத்தை, பின்பற்றும்படி கார்டை மாற்றினேன். ஸ்பீக்கரில் சத்தம் வந்தது. ஆபரேட்டருக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் பேச்சு தெளிவாக இருந்தது. "காலையிலயே சொன்னேன் சார், ஸ்லிங் கம்பி பிரிஞ்சிக்கினு இருக்குன்னு" என்றார். பத்து நிமிஷமும் மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

டெக்கின் டிஸ்ப்ளேயில் 48 என்று இருந்தது. அதாவது நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் எண்கள். என் சாஃப்ட்வேரில் புது ஃபைல் எப்போதும் 44.1 என்றுதான் திறக்கும். அதை மாற்ற மறந்தேன். ஏற்றும்போது இந்தத் தவறு காதுக்குத் தெரியாது. கார்டு டெக்கின் வேகத்திலேயே ஓடும், குரல் சரியாகவே கேட்கும். ஃபைலைத் திருப்பிப் போடும்போதுதான் தெரியும். எண்களைக் குறைந்த வேகத்தில் வாசிப்பதால் குரல் கனத்துப்போகும், சொற்கள் இழுபடும்.

நான் திருப்பிப் போட்டுப் பார்க்கவில்லை. சிடி எழுதி, மேலே மார்க்கரில் 'அந்தோணி ஸ்டேட்மென்ட்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் கவுண்டரில் இருந்த பிளேயரில் போட்டு, ஹெட்ஃபோன் மாட்டி இரண்டு நிமிஷம் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இன்னொரு காப்பி போடும்மா" என்றார்.

2. ஐம்பத்து மூன்று நொடி

அன்று கடை சாத்துமுன் ஃபைலைப் பார்த்தேன். டேப் சரியாகப் பத்து நிமிஷம். ஃபைல் பத்து நிமிஷம் ஐம்பத்து மூன்று நொடி. டிஜிட்டலில் ஒரு நொடிகூட வளராது. போட்டுக் கேட்டேன். சாராயக்கடை வாசலில் நிற்கிற ஆள் பேசுவது போல இருந்தது.

எண்கள் ஒன்றும் தொலையவில்லை. ஃபைல் மேல் ஒட்டிய சீட்டுதான் தப்பு. 48 என்று திருத்தி, முறையாக 44.1க்கு மாற்றிப் புது சிடி போட்டேன். மறுநாள் பெரியபாளையம் வழியாக பஸ் மாறி ஆலைக்குப் போனேன். கையில் ஒரு கடிதம். முதல் சிடி தவறான வேகத்தில் ஓடுகிறது, அதைப் பயன்படுத்தக் கூடாது, இதுதான் சரியானது என்று எழுதியிருந்தேன்.

மேனேஜர் கேட்டுக்கே வந்து வாங்கிக்கொண்டார்.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"இல்ல சார். அதுல ஆளு தண்ணி போட்ட மாதிரி இழுக்குறாரு. அந்த ரெண்டையும் உடைச்சிப் போட்ருங்க."

"சரி சரி, நான் பாத்துக்கறேன்."

கடிதத்தின் காப்பியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

3. "இது நான்"

இரண்டு மாதம் கழித்து ஒருவர் கடைக்கு வந்தார். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் ஜெபமாலை. என் கடைப் பெயர் போட்ட கவரிலிருந்து ஒரு சிடியை எடுத்து நீட்டினார். அதில் என் கையெழுத்து. 'அந்தோணி ஸ்டேட்மென்ட்'.

"நான்தாங்க்கா அந்தோணி. டூட்டில குடிச்சேன்னு என்கொயரி வச்சிருக்காங்க. டாக்டராண்ட இட்டுக்கினு போகல, ஊதச் சொல்லல. இத மட்டும் போட்டுக் காட்டி, எனக்கும் ஒரு காப்பி குட்த்தாங்கோ. பெரிய பேஜாராப் பூட்ச்சிக்கா."

"நீங்க குடிச்சீங்களா?"

"தொட்டது இல்ல. ஆனா ஊட்ல அவளே கேக்குறா, நெசமாச் சொல்லு, குடிச்சியான்னு. நாலு தபா இதக் கேட்டப்புறம் எனக்கே டவுட்டு வந்துட்ச்சி. எவனாவது டீல கலந்து குட்த்துட்டானா?"

நான் சரியான ஃபைலைப் போட்டேன். ஸ்லிங் கம்பியைப் பற்றிச் சொல்கிற இடம் வந்ததும் அவர் நிமிர்ந்தார்.

"இது நான்" என்றார். முதலிலிருந்து இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டார்.

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப அந்தக் கொரல நீதான் பண்ணியாக்கா?"

"ஆமா. நான்தான் பண்ணேன்."

அவர் தான் கொண்டுவந்த சிடியை என் பக்கம் நகர்த்தினார். "என்கொயரில வந்து இத்தச் சொல்லுவியா?"

போனேன். விசாரணை அதிகாரி முன்னால் கடிதத்தை வைத்தேன். அதே மேனேஜர் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டாவது சிடியா? எனக்கு வரலையே. கேட்ல தெனம் எத்தனையோ பேப்பர்ல கையெழுத்துப் போடறேன்" என்றார். பிறகு சிரித்தார். "இந்தம்மாவே தப்பு பண்ணேங்கறாங்க. மொத தடவ தப்பு பண்ணவங்க ரெண்டாவது தடவயும் பண்ணியிருக்கலாமே? வேகத்தக் கூட்டிக் குடிகாரனைத் தெளிய வச்சிட்டாங்களோ என்னவோ!"

கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

"அப்ப டேப்பக் கொண்டாங்க சார். இங்கயே போட்டுப் பாக்கலாம்."

"அது மேல வேற ரெக்கார்டிங் போயிடுச்சு."

இதை நான் எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். ஸ்டேட்மென்ட் எடுத்த இடத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உறுமிக்கொண்டிருந்தது. நம் ஐம்பது சைக்கிள் கரண்டில் டிரான்ஸ்ஃபார்மர் உறுமல் நொடிக்கு நூறு அதிர்வில் நிற்கும். என் இரண்டாவது சிடியில் நூறு. முதல் சிடியில் தொண்ணூற்றிரண்டு. அந்த உறுமலைக் கம்ப்யூட்டரில் அளந்து எடுத்த படத்தைக் காட்டினேன். "மனுஷன் குடிப்பான் சார், டிரான்ஸ்ஃபார்மர் குடிக்குமா?" என்று கேட்டேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை. விசாரணை அதிகாரி படத்தை வாங்கி வைத்தார். அவருடைய அறிக்கையில் அந்தப் படத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்தோணியின் வேலை போனது. ஸ்லிங் கம்பியைப் பற்றி அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். டெக் என்ன எண் காட்டுகிறதோ, அதையே சாஃப்ட்வேரில் வையுங்கள். டேப்பின் நீளத்தையும் ஃபைலின் நீளத்தையும் ஒப்பிடுங்கள். முழுதாகத் திருப்பிப் போட்டுக் கேட்காமல் சிடியை யாரிடமும் கொடுக்காதீர்கள், பக்கத்தில் எவ்வளவு பெரிய ஆள் உட்கார்ந்து அவசரப்படுத்தினாலும். வெளியே போன தவறு திரும்பி வராது. நான் பின்னாலேயே ஓடியும் வரவில்லை.

மெட்ராஸை விட்டு என் கடையை அவர் ஏன் தேடி வந்தார் என்பதற்கு என்னிடம் ஆதாரமில்லை. சந்தேகம் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் அந்தோணியின் சரியான குரலைப் பத்து நிமிஷமும், தவறான குரலை இரண்டு நிமிஷமும் என் கடையில் உட்கார்ந்து கேட்டவர் அவர். இன்னொரு காப்பி கேட்டவரும் அவரே.

மேனேஜர் சார், ஆலை கேட்டில் நான் கொடுத்த அந்தச் சரியான சிடி எங்கே? எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம். உங்கள் ஆலை கேட்டுக்கு வாருங்கள், ஷிப்ட் மாறுகிற நேரத்தில். உங்கள் கையெழுத்தை நான் கொண்டு வருகிறேன். அந்தோணியும் அவர் மனைவியும் வருவார்கள். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் கேட்க, எங்கே என்று சொல்லுங்கள்.