மூன்றாவது வாயில் ஒரு விக்கல்

இரைப்பை அறுவை செய்துகொண்ட நம் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் முதலில் வரும் தட்டுப் படம் முருகேசன் அண்ணனுடையது. அரை இட்லி, ஓரமாகச் சட்னி. போன திங்கட்கிழமை வரவில்லை. மதியம் அவர் எண்ணிலிருந்து அவர் மனைவி எழுதியிருந்தார்: "அவரு போயிட்டாருங்க. வெறும் காய்ச்சல்னுதான் நெனச்சோம்."

கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலில் ஜீப் ஓட்டியவர். மதுரையில் ஒரே வாரத்தில் எங்கள் இருவருக்கும் எடை குறைய இரைப்பையைச் சுருக்கினார்கள். மருந்து பாட்டில் மூடியில் தண்ணீரை உறிஞ்சியபடி வார்டு வராந்தாவில் நடந்தோம். "டேங்க சின்னதாக்கிட்டாங்க டீச்சர். டிரைவரு பழைய ஆளுதான்" என்றார்.

வேண்டுதலுக்காகப் பழனி ஏறியபோது யாரோ உள்ளங்கையில் பஞ்சாமிர்தம் வைத்தார்கள். பிரசாதம், மறுக்காமல் நக்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் வியர்த்து, நடுங்கி, படியில் சரிந்தார். சாமி வந்துவிட்டதென்று கூட்டம் திருநீறு பூசியது. ஓர் அம்மா மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று கேட்டாராம்.

"என்ன சொன்னீங்க?"

"தையிலன்னு சொல்லிட்டேன். சுருக்குன வயித்துல சர்க்கரை பண்ற வேலைன்னு அந்தம்மாகிட்ட எப்படிச் சொல்றது?"

அதன் பிறகுதான் அவர் தன் உடம்பைக் கவனிக்கத் தொடங்கினார். மூன்றாவது வாயிலோ நான்காவதிலோ ஒரு சின்ன விக்கல் வரும். அதோடு போதுமென்று கை கழுவிவிடுவார்.

எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. மணி ஒன்று என்றால் பசி. போனைப் பார்த்தபடியே சாப்பிட்டு, தட்டு காலி என்றால் நிறைவு. கழுத்துக்குக் கீழே மௌனம். ஆறே மாதத்தில் ரவிக்கைகள் மறுபடி இறுகின. அறுவை சிகிச்சையும் வீணா என்ற பயம். குழுவில் உங்கள் யாரிடமும் சொல்லவில்லை. பரிசோதனைக்குப் போகும் வழியில் அவரிடம் சொன்னேன்.

"வளைவு வந்தா பாட்ட நிறுத்திருவேன் டீச்சர். எதுக்க வர்ற வண்டி கேக்கணும்ல? போனத் தூரப் போட்டுட்டுச் சாப்பிடுங்க. உங்க ஒடம்புலயும் ஒரு சத்தம் கெடக்கும்."

நான் போடவில்லை.

அண்ணன் வீட்டுக்குத் துக்கத்துக்குப் போனேன். மதினி தட்டில் சோறு வைத்தார். போன் பையில் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. சில வாய்க்குப் பின் ஒரு பெருமூச்சு வந்தது. அழுகை என்று நினைத்தேன்.

மதினி பார்த்தார். "போதும்னா வச்சிருங்க டீச்சர். அவரு இருந்தா அதான் சொல்வாரு."

மறுநாள் காலை. வீட்டில் தனியாக, போன் இல்லாமல், ஓர் இட்லி. நான்காவது வாயில் அதே பெருமூச்சு.

மீதி இட்லியை மூடி வைத்தேன்.