சின்னப்பொண்ணு கொடுத்த வசனம்

சின்னப்பொண்ணு தன் புருஷனோடு பேச்சை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வேளைக்கு அவர் முன்னால் தட்டை வைப்பாள். அந்தச் சத்தம்தான் அழைப்பு. எல்லப்பன் அதைப் பொருட்படுத்தியதாகவே தெரியவில்லை. மாமல்லபுரத்து ஓட்டல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் லாரிகளில் இரண்டு அவருடையவை. திருக்கழுக்குன்றம் ரோட்டில் அவர் குரலுக்குப் பயப்படாத ஆள் குறைவு.

எல்லாம் மகள் திவ்யாவால் வந்தது. சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தவள், கூட வேலை பார்க்கும் ஹரிகிருஷ்ணனைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். பையன் வேறு சாதி. எல்லப்பன் உடனே கத்தவில்லை. பாதிச் சோற்றில் கையைக் கழுவினார். துண்டை நாலாக மடித்துத் தோளில் போட்டார். "எனக்குப் பொண்ணே பொறக்கல. நான் பெத்தது ரெண்டு லாரிதான்" என்றார். அதற்கப்புறம்தான் தட்டு பறந்தது.

செங்கல்பட்டில் பதிவுக் கல்யாணம் நடந்த அன்று அவர் வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். சின்னப்பொண்ணு உள்ளே உட்கார்ந்திருந்தாள். பூட்டாமல் விட்டிருந்தால் மட்டும் போயிருப்பாளா என்பது அவளுக்கே நிச்சயமில்லை. அதுதான் அவளை உள்ளுக்குள் அரித்தது.

இந்த நிலையில்தான் சினிமாக் கம்பெனி வீடு கேட்டு வந்தது.

ஒரு பழைய கல்யாணப் படத்தைத் திரும்ப எடுக்கிறார்களாம். மெட்ராஸ் பங்களாவில் நடக்கிற கதை. கோட்டுப் போட்ட அப்பா, மகள் காதலைக் கேட்டதும் டெலிபோனைத் தூக்கி அடிப்பார். சம்பந்தி வீட்டாரோடு மல்லுக்கு நிற்பார். பொங்கலுக்குப் பொங்கல் டிவியில் வரும். ஒவ்வொரு தடவையும் எல்லப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அதே கதை, பங்களாவுக்குப் பதில் இந்தப் பக்கத்துக் கிராமத்துக் குடும்பம் என்றதும், வாடகைகூடப் பேசாமல் தலையாட்டிவிட்டார்.

உதவி இயக்குநராக வந்த சுஷ்மிதா என்ற பெண், முதல் நாளே கூடத்துச் சுவரில் மீன்வலை மாட்டச் சொன்னாள்.

"இது இன்னாத்துக்கு?" என்றாள் சின்னப்பொண்ணு.

"கடற்கரை ஏரியா இல்லையாக்கா? பார்க்க அழகா இருக்கும்."

"கடலு அந்தாண்ட கீது. நாங்க நெல்லு போட்டவங்க. கயட்டு மொதல்ல."

வலை இறங்கியது. ஆனால் அந்தப் பெண் நகரவில்லை. அப்பா குடித்துவிட்டு வந்து ரகளை செய்கிற காட்சி சரியாக அமையவில்லை, இந்த ஊரில் எப்படித் திட்டுவார்கள் என்று கேட்டாள்.

"குடிக்கிறாருன்னு யாரு எழுதினது?"

"நான்தான்."

"குடிச்சாத்தான் எங்காளுங்களுக்குக் கோவம் வருமா? எங்கூட்டுக்காரு பீடிகூடத் தொட்டதில்ல. குடிக்காமலே அவ்ளோ ஆட்டம்."

"அப்போ கோபம் வந்தா என்ன பண்ணுவாரு?"

கீரை ஆய்ந்துகொண்டே சின்னப்பொண்ணு சொன்னாள். கை கழுவியது, துண்டை மடித்தது, லாரி, தட்டு, எல்லாவற்றையும். சுஷ்மிதாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று சின்னப்பொண்ணுக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. ஊரையே அதட்டுகிற அந்த மனுஷனைப் பார்த்து நாலு பேர் சிரிக்கட்டுமே என்றிருந்தது அவளுக்கு.

மூன்றாம் நாள் அந்தக் காட்சியை எடுத்தார்கள். எல்லப்பன் பங்காளிகளைக் கூட்டி வந்து பெருமையாகப் பக்கத்தில் நின்றார். நடிகர் பாதிச் சோற்றில் கையைக் கழுவினார். துண்டை மடித்தார். "எனக்குப் பொண்ணே பொறக்கல. நான் பெத்தது ரெண்டு லாரிதான்" என்றார். காட்சி முடிந்ததும் லைட் பிடித்தவன்வரை எல்லாரும் சிரித்தார்கள். எல்லப்பனும் சிரிக்க வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. பங்காளிகள் தரையைப் பார்த்தார்கள்.

"நிறுத்துங்கடா!"

காமிராவைத் தாண்டி நேராக அடுப்படிக்கு வந்தார். "வூட்டு மானத்த வித்துட்டியாடி?"

"நீ சொன்னதத்தான சொன்னேன்?" என்றாள் சின்னப்பொண்ணு. இரண்டு வருஷத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. "சொல்றப்ப வராத வெக்கம் கேக்கறப்ப வருதா?"

அவர் கை ஓங்கினார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் கை இறங்கிவிட்டது. வெளியே போய் லாரியைக் கிளப்பி வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி, அதற்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார். எந்த வண்டியாலும் உள்ளே வர முடியவில்லை, வெளியே போக முடியவில்லை. கம்பெனி மேனேஜர் ஒப்பந்தத்தைக் காட்டினார். அதைக் கிழித்து அடுப்பில் போடச் சொன்னார் எல்லப்பன்.

சுஷ்மிதா அழுதுகொண்டு வந்தாள். "அக்கா, நீங்க சொன்னா கேப்பாரு."

"நான் சொல்லி இந்த வூட்ல எது நடந்துகீது?" என்றாள் சின்னப்பொண்ணு. இரண்டு புடவையை ஒரு பையில் திணித்தாள். லாரிக்கும் மதிலுக்கும் இருந்த சந்தில் பக்கவாட்டாக நுழைந்து வெளியே வந்தாள். முந்தானையெல்லாம் கிரீஸ்.

"போனா அப்டியே போ. திரும்பி வர வழி கிடையாது" என்றார் எல்லப்பன் மேலிருந்து.

"வழியத்தான் நீ மறிச்சுகினு கீறியே" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மாமல்லபுரம் போய் அங்கிருந்து கேளம்பாக்கத்துக்குப் பஸ் பிடித்தாள். முகவரியைக் கேட்டுக் கேட்டு மகள் வீட்டைக் கண்டுபிடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கதவைத் திறந்த திவ்யா நகரவே இல்லை.

"ரெண்டு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் பஸ்ஸு கெடச்சுதாம்மா?"

உள்ளே இருந்த ஹரிகிருஷ்ணன்தான் எழுந்து வந்து பையை வாங்கிக்கொண்டான். திவ்யா காபி கொடுத்தாள், கூட உட்காரவில்லை. நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது.

"அப்பா என்னத் தூக்கி எறிஞ்சாரு. நீ அதப் பொறுக்கி சினிமாக்காரங்களுக்குக் குடுத்துட்ட. நான் பட்டது ஊர் சிரிக்கறதுக்கா?"

சின்னப்பொண்ணு காபித் தம்ளரைக் கீழே வைத்தாள். அந்த வசனத்தை எல்லப்பன் மேல் எறிந்ததாகத்தான் நினைத்திருந்தாள். அது மகள் மேலும் போய் விழும் என்று யோசிக்கவே இல்லை.

ஊர்த் தலைவர் பேசி மறுநாளே லாரியை நகர்த்த வைத்தார். மிச்சப் படத்தை அங்கேயே எடுத்து முடித்தார்கள். படம் வெளிவந்து ஓடியது. அந்த ஒரு வசனம் செல்போன் செல்போனாகப் பரவியது. ஓட்டல் வாட்ச்மேன்கள்கூட எல்லப்பனை "ரெண்டு லாரி நைனா" என்று கூப்பிட, அவர் ஒருவனைச் சட்டையைப் பிடித்து உலுக்கி, அந்த ஓட்டலுக்குத் தண்ணீர் விடும் வேலையையே இழந்தார். கேளம்பாக்கத்துக்கு அவர் வரவில்லை. போனும் இல்லை. சின்னப்பொண்ணும் போகவில்லை. மகள் வீட்டில் சமைத்தாள், துணி மடித்தாள். திவ்யா தேவைக்கு மட்டும் பேசினாள். இப்படிப் பேசாமலே காலம் தள்ளுவதை மகள் யாரிடம் கற்றாள் என்று சின்னப்பொண்ணுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் திவ்யாவும் ஹரிகிருஷ்ணனும் அந்தப் படத்துக்குப் போனார்கள். அவளைக் கூப்பிடவில்லை. சாயங்காலம் திரும்பியதும் ஹரிகிருஷ்ணன் உள்ளே போய்விட்டான். திவ்யா செருப்பைக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"கடைசில அந்த அப்பா கல்யாணத்துக்கு வர்றாரும்மா. மாலைய அவரே எடுத்துக் குடுக்கறாரு."

சின்னப்பொண்ணு திரும்பவில்லை. தோசைக்கல்லில் மாவை ஊற்றி வட்டமாகத் தேய்த்தாள்.

"அத நான் சொல்லல" என்றாள். "அவங்களாப் போட்டுக்கினாங்க."