தக்காளிக்கு விரிச்ச ராகித் தாளு

எனக்குக் கோர்வையா எழுத வராது. அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன். நடந்ததுல முன்னே பின்னே மறந்தும் போகுது. பொறுத்துக்கணும்.

எங்க வீடு ஓசூர்ல கம்பெனிகளுக்குப் பின்னாடி. வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் இடத்துல தக்காளி வச்சிருப்பேன். போன வருஷ மழையில அத்தனையும் நோவு வந்து போச்சு. அடியிலையில வட்டம் வட்டமா பழுப்புப் புள்ளி விழும், மஞ்சளாகும், அப்புறம் மேல ஏறும். கம்பெனி வேலைக்குப் போற என் மகன், அந்த இடத்துல வாடகைக்கு ரூம் கட்டலாம்னான். வடநாட்டுப் பசங்க தங்க இடம் கேட்டுக்கிட்டே இருக்காங்க, அவன் சொல்றதும் நியாயந்தான். இந்தத் தடவையும் கெட்டா கட்டிடலாம்மான்னு முளைக்குச்சி அடிச்சு, கயிறு கட்டி அளந்தும் வச்சிட்டான். நான் சரின்னு தலையாட்டிட்டு, கயித்துக்கு உள்ளேயே நாத்து நட்டேன்.

மருந்துக் கடைக்காரர்தான் சொன்னார், மழை அடிக்கிறப்ப மண்ணு தெறிச்சுதான் நோவு இலைக்கு ஏறுது, அடியில வைக்கோல் பரப்புங்கன்னு. எங்க பக்கம் வைக்கோல் ஏது, ராகிக் கதிர் அறுத்த தாளுதான். அதுவும் மாட்டுக்கே பத்தாது. பக்கத்து வீட்டுல மாடு வச்சிருக்கிற தெலுங்குக்கார அம்மாகிட்டத்தான் கேக்கணும். எனக்கு ஒருத்தர்கிட்டப் போய்க் கேக்கறதுன்னா நாக்கு எழாது. பால் வாங்கப் போய், வாங்கின பிறகும் அங்கேயே நின்னேன். அவங்களே என்னன்னு கேட்டாங்க. சொன்னதும் சிரிச்சாங்க.

"மாடு தின்றத மண்ணுல போடுறதா? ஏங்க்கா, உங்க தக்காளி பால் கறக்குமா?"

ஆனா மாடு தின்னாம கழிச்ச தாளையெல்லாம் வெயில்ல காயவச்சு, அவங்களே கட்டாத் தூக்கிட்டு வந்து போட்டாங்க.

கிடைச்ச சந்தோஷத்துல நான் தண்டைச் சுத்தி நல்லா அணைச்சு வச்சேன், குளிருக்குப் போத்தற மாதிரி. மழை விட்டுப் பார்த்தா ரெண்டு செடி சாஞ்சு கிடக்குது. தண்டு அடியில கறுத்து அழுகியிருந்துச்சு. மகன் கண்ல படறதுக்குள்ள பிடுங்கிடலாம்னு குனிஞ்சேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்த அந்தம்மா உள்ள வந்து உக்காந்து, ஒவ்வொரு செடியா தாளை விலக்கிவிட்டாங்க.

"மூக்கு வரைக்கும் போத்துனா மூச்சு முட்டாதாக்கா? தண்டுக்குக் காத்து வேணும்."

அவங்க சொல்லி, மண்ணைத் தொடற இலையையும் கிள்ளிப்போட்டேன். தண்ணிய இலைமேல ஊத்தாம வேர்ல விட்டேன். அப்புறமும் மழை பேஞ்சுது. மண்ணு தெறிக்கல. அங்கொண்ணு இங்கொண்ணு புள்ளி வந்த இலையைக் கிள்ளினதோட நோவு நின்னுபோச்சு. காய் பிடிச்சுது.

ஒருநா ஷிப்டு முடிஞ்சு வந்த மகன், சோத்துக்குக்கூட உக்காராம செடிகிட்டயே நின்னான். பிறகு முளைக்குச்சியைப் பிடுங்கி, காய் பாரத்துல சாஞ்ச செடிக்குப் பக்கத்துல நட்டு, அந்தக் கயித்தாலயே கட்டினான்.

"ரூமை மாடிமேல போட்டுக்கலாம்மா"ன்னான்.

முதல்ல பழுத்ததை அந்தம்மாவுக்குத்தான் கொண்டுபோனேன். வாங்கினவங்க மாட்டுக்கும் ஒண்ணு கொடுத்தாங்க. சாமி கும்பிடறப்ப இப்பல்லாம் அவங்களோட அந்த மாட்டையும் சேத்துக்கறேன்.

தண்டுக்கும் தாளுக்கும் நடுவுல அவங்க நாலு விரல் இடம் விட்டாங்கன்னு ஞாபகம். ஒரு சாணோ என்னமோ. விவரம் தெரிஞ்சவங்க யாராச்சும் பார்த்து, தப்பிருந்தா திருத்திடுங்க. என்னை நம்பி யார் வீட்டுச் செடியும் சாயக்கூடாது.