டாக்கோ பாஸ்தாவும் ஐப்பசிப் பௌர்ணமியும்

நாம் வாயில் வைக்காத பண்டத்தை நாலு பேர் மெச்சும்படி சமைப்பதுதான் சமையல் தொழில். அடுப்போடு மல்லுக்கட்டும் உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஒரு சின்ன கஃபேயில் சமைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு, அந்தப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் நிறைய பேர் அறை எடுத்துத் தங்க ஆரம்பித்த சமயம். காலையில் எங்கள் இட்லிக்கு வருகிறவர்கள் சாயங்காலம் எதிர்க்கடைக்கு பாஸ்தா சாப்பிடப் போனார்கள். முதலாளி சுந்தரமூர்த்தி அண்ணன் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். கார்த்திகை தீபத்துக்குள் சாயங்காலக் கூட்டம் நம் பக்கம் திரும்பாவிட்டால், வேலூரிலிருந்து ஒரு மாஸ்டரை வரவழைத்து மொத்த அடுப்படியையும் அவரிடம் ஒப்படைத்துவிடுவதாகச் சொன்னார். வேலை போனால் எனக்குக் கடலைக்காடுதான். குனிந்து கடலை பறிக்க என் இடுப்பு இனி ஒத்துக்கொள்ளாது. பயந்துதான் போனேன்.

வேக்காடு

பாஸ்தா குழல் குழலாக வந்து இறங்கியது. பார்த்ததும் சேமியாவுக்குப் பெரியப்பா என்று முடிவு கட்டினேன். நெய்யில் வறுத்து, தண்ணீர் அளந்து ஊற்றி, மூடி போட்டேன். திறந்தால் களி. எங்கள் கடைக்குத் தினமும் வரும் மார்த்தா என்ற ஜெர்மன்காரம்மா தமிழ் கொஞ்சம் பேசுவார். அவரே அடுப்படிக்கு வந்து சொல்லிக் கொடுத்தார். பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் கொதிக்க வேண்டும், அதில் தாராளமாக உப்புப் போட வேண்டும், நடுவில் கொஞ்சம் கடிபடும்போதே வடித்துவிட வேண்டும்.

கடிபட்டால் எங்கள் ஊரில் வேகவில்லை என்று அர்த்தம். இருந்தாலும் சொன்ன பேச்சைக் கேட்டு, கொஞ்சம் முன்கூட்டியே வடித்துவிட்டேன். மென்று பார்த்த முதலாளி சொன்னார்: "நேத்து கூழு, இன்னிக்கு குச்சி. நடுவுல எங்கனா நிறுத்த முடியுமா பாரு, அமுதா."

பொடி

எதிர்க்கடையில் இல்லாத ருசியாக இருந்தால்தான் கூட்டம் திரும்பும். நான் யோசித்துக்கொண்டிருந்தபோது மார்த்தா தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். டாக்கோ மசாலாவாம். மெக்சிகோ நாட்டில் சோள ரொட்டியை மடித்து, உள்ளே காரமாகக் கறி வைத்துத் தின்பார்களாம். அந்த ருசியை பாஸ்தாவில் ஏற்றிவிட்டால் ஒரே சட்டியில் ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிடும் என்றார். மோந்து பார்த்தேன். சீரகம், மல்லி, மிளகாய், பூண்டு, கூடவே ஓமவல்லி வாசனையில் ஏதோ ஓர் இலை. வறுத்து அரைத்தால் தீர்ந்தது வேலை.

வெங்காயம், பூண்டு, குடைமிளகாய் வதக்கி, தக்காளி குழைந்ததும் பொடியைப் போட்டேன். எங்கள் தெருக் கடைகளில் கறி கிடையாது, அதனால் வேகவைத்த ராஜ்மா. வடித்த பாஸ்தாவைப் போட்டு, அது வெந்த தண்ணீரிலேயே ஒரு கரண்டி ஊற்றிக் கிளறி, சீஸ் துருவி, எலுமிச்சை பிழிந்து, மல்லித்தழை தூவினேன். மொறுமொறுப்புக்குச் சோள ரொட்டியை எங்கே தேடுவது? பொரித்த அப்பளத்தை நொறுக்கிப் போட்டேன். பாத்திரம் கழுவும் தேவகி சட்டியை வழித்துத் தின்றுவிட்டுச் சொன்னாள்: "அக்கா, நம்ம ரசப்பொடி வீட்ட விட்டு ஓடிப்போய் வெளியூர்ல கல்யாணம் பண்ணிக்கிச்சு போல."

தாளிப்பு

அது பாட்டுக்கு நன்றாகத்தான் போனது. கைதான் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் இறக்கும் நேரத்தில் பழக்கதோஷத்தில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டிவிட்டேன். மார்த்தா ஒவ்வொரு இலையாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கினார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "அமுதாம்மா, வாசனை ரொம்ப நல்லா இருக்கு. இது சாப்பிடணுமா, சும்மா பாக்கணுமா?"

உப்பு

ஒரு விஷயத்தை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன். நான் சமைக்கும்போது ருசி பார்ப்பதே இல்லை. சாமிக்குப் படைக்காததை வாயில் வைக்கக் கூடாது என்று வளர்த்த வீடு. உப்பை வாசனையிலேயே சொல்லிவிடுவேன். சாம்பாரில் என் மூக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

ஐப்பசிப் பௌர்ணமி. கிரிவலம் போகிறவர்களும் வெளிநாட்டுக்காரர்களுமாக, அந்தி சாயும்போதே கடை நிறைந்துவிட்டது. பௌர்ணமிக்குப் பலர் வெங்காயம், பூண்டு தொட மாட்டார்கள் என்று இரண்டையும் விட்டுவிட்டுப் பெருங்காயம் போட்டேன். வெங்காயம் இல்லாமல் மசாலா பாதியாகச் சுருங்கியது. உப்பை நான் குறைக்கவில்லை. தண்ணீரிலும் உப்பு, சீஸிலும் உப்பு. சீஸ் வாசனைக்கு நடுவில் என் மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை.

முதல் ஐந்து தட்டும் ஒரு வாயோடு திரும்பி வந்தன. முதலாளி எடுத்து வாயில் போட்டுத் துப்பினார். ருசி பார்த்தாயா என்று கேட்டார். படைக்காமல் எப்படி வாயில் வைப்பது என்றேன். நாளைக்கே மாஸ்டரை வரச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, போன் செய்யக் கல்லாப் பக்கம் போனார்.

வேறு வழி தெரியவில்லை. சட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாழை இலைத் துண்டில் வைத்து, அரிசி டின் மேலே இருந்த அண்ணாமலையார் படத்துக்கு முன்னால் படைத்துக் கற்பூரம் காட்டினேன். அப்புறம்தான் வாயில் வைத்தேன். நாக்கு சுருண்டது. உப்பே போடாமல் இன்னும் ஒரு பங்கு பாஸ்தா வேகவைத்து, தக்காளியும் ராஜ்மாவும் கூட்டிக் கிளறினேன். இந்தத் தடவை தட்டுகள் துடைத்த மாதிரி திரும்பி வந்தன. மார்த்தா இரண்டாவது தட்டு கேட்டார். உட்கார இடமில்லாமல் வாசலில் ஆட்கள் நின்றார்கள்.

முதலாளி உள்ளே வந்தார். கற்பூர வாசனையை மோந்து, படத்தைப் பார்த்து, இலையில் இருந்ததைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அண்ணாமலையாருக்கே படைச்சிட்டியா? அப்புறம் இத நான் எப்படி நிறுத்துறது? அந்த வேலூர்காரர வர வேணாம்னு சொல்லிடறேன்."

ஆகக்கூடி, இத்தனை வருஷத்தில் அத்தனை உப்போடு வைத்தும் தட்டைத் திருப்பி அனுப்பாத ஒரே வாடிக்கையாளர்தான் என் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தார்.