மதுராந்தகம் பேருந்தில் நான் திருத்திய இங்கிலீஷ்

காலையில் மதுராந்தகம் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண், வேலைக்கான நேர்முகத் தேர்வுக்காக, "மைசெல்ஃப் கவிதா..." என்று மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

என்னால் தாங்க முடியவில்லை. "மைசெல்ஃப் தப்பும்மா. ஐ யம் கவிதான்னு சொல்லு" என்றேன்.

நன்றி சொல்லிவிட்டு ஆரம்பித்தாள். "ஐ யம் கவிதா..."

அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. மூன்று முறை முயன்றும் அங்கேயே நின்றாள்.

முன் இருக்கையில் இருந்த அவள் அம்மா என் பக்கம் திரும்பினார். "இன்னா சார், பத்து நாளா ஒரே மூச்சுல சொல்லிகினு இருந்துச்சு. நீ வாயத் தொறந்ததும் நின்னுபோச்சே?"

"பழையபடியே சொல்லும்மா" என்றேன்.

"தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படி சார் வரும்?" என்றாள் கவிதா.

பதினொரு மணிக்குத் தேர்வு என்று இறங்கி ஓடினார்கள்.

இப்போது பதினொன்றே கால். உங்களில் யாராவது அங்கே கேள்வி கேட்பவராக இருந்தால், மைசெல்ஃப் சரிதான் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள்.